16 வயசுப் பெண், மில் ஹாஸ்டல், இன்னும் ஆறு மாசம்: குழந்தைகள் உதவி எண் 1098-க்குச் சொல்லலாமா, பொறுக்கலாமா?

வேடசந்தூரான்:
திண்டுக்கல் பக்கம் ஒரு ஸ்பின்னிங் மில். பெண்ணுக்கு 16 முடிந்து இரண்டு மாதம். புரோக்கர் சேர்த்துவிட்டு இரண்டரை வருடம் ஆகிறது. மாதாமாதம் கைச்செலவுக்குக் கொஞ்சம், மூன்று வருடம் முடித்தால் மொத்தமாக 50,000 என்று பேச்சு. என்ன செய்யலாம்?

பஞ்சுமூட்டை:
பொறுங்கள். 14 தாண்டியவர்கள் ஆபத்தில்லாத வேலை பார்க்க, குழந்தைத் தொழிலாளர் சட்டத்தின் 2016 திருத்தத்துக்குப் பிறகும் தடையில்லை. ரெய்டு என்றால் தகவல் முன்னாடியே மில்லுக்குப் போய்விடும். சின்னப் பெண்களை வேனில் ஏற்றி வேறு யூனிட்டுக்கு அனுப்பிவிட்டு, "சொந்த விருப்பத்தில் விலகுகிறேன்" என்று ஒரு கையெழுத்தையும் வாங்கி வைத்துக்கொள்வார்கள். மொத்தத் தொகை போச்சு. அடுத்த மாதம் அதே புரோக்கர் இன்னொரு மில்லில் சேர்த்துவிடுவார்.

செம்மண்:
அந்த 50,000 என்ன மில்காரர் போடும் சீரா? அவள் சம்பளத்தில் பிடித்து வைத்ததுதானே. சுமங்கலித் திட்டம், கேம்ப் கூலி, பெயர் எதுவானாலும் கணக்கு ஒன்றுதான்: "பயிற்சியாளர்" என்று எழுதிக் குறைந்தபட்சக் கூலிக்குக் கீழே கொடுப்பது, மீதியைக் கடைசியில் தருவதாகச் சொல்வது. குறைந்தபட்சக் கூலிக்குக் கீழே வேலை வாங்கினால் அது கட்டாய உழைப்பு என்று உச்ச நீதிமன்றம் 1982-லேயே ஆசியாட் விளையாட்டுக் கட்டுமானத் தொழிலாளர் வழக்கில் சொல்லியாச்சு. இன்னும் ஆறு மாதம் பொறுத்தால் பணம் வரும் என்கிறீர்கள். முடிய நாலைந்து மாதம் இருக்கும்போதுதான் "உடம்பு முடியலை", "ஒழுங்கு சரியில்லை" என்று வெளியே தள்ளுவார்கள். இடையில் போனால் தொகை கிடையாது என்ற நிபந்தனையே அதற்குத்தான்.

கோப்புக்காரன்:
ரெண்டு பேரும் கணக்குப் போடவில்லை. 16 வருடம் 2 மாதத்தில் இரண்டரை வருடம் போனால் 13 வருடம் 8 மாதம். சேரும்போது 14 நிரம்பவில்லை. பஞ்சுமூட்டை சொன்ன அனுமதி இங்கே செல்லாது. 14-க்குக் கீழே வேலைக்கு வைத்தவருக்கு அதே சட்டத்தில் ஆறு மாதம் முதல் இரண்டு வருடம் வரை சிறை, அல்லது 20,000 முதல் 50,000 வரை அபராதம், அல்லது இரண்டும்.

சிறார் நீதிச் சட்டம் 79-ஐ மட்டும் நம்பிப் போகாதீர்கள். சம்பளத்தைப் பிடித்து வைப்பது அதில் ஐந்து வருடம் வரை தண்டனைக்குரிய குற்றம்தான். ஆனால் 2021 திருத்தத்துக்குப் பிறகு அதில் போலீஸ் நேரடியாக எஃப்.ஐ.ஆர் போட முடியாது, புகார் வந்தது என்பதற்கான சி.எஸ்.ஆர் ரசீதோடு அனுப்பிவிடுவார்கள். 1976 கொத்தடிமை ஒழிப்புச் சட்டத்தையும் மனுவில் சேர்த்தால், அதில் போலீஸே எஃப்.ஐ.ஆர் போடலாம் என்பதால் அந்தச் சாக்கு எடுபடாது.

பஞ்சுமூட்டை:
பேப்பரில் சரி. ஆதாரில் 18 என்று இருக்கும், டாக்டர் சர்டிபிகேட்டும் வாங்கி வைத்திருப்பார்கள். அப்பாவே வந்து "மேஜர்தான் சார்" என்பார்.

கோப்புக்காரன்:
அதற்குத்தான் சிறார் நீதிச் சட்டப் பிரிவு 94. முதலில் பள்ளிச் சான்று, அது இல்லாவிட்டால் பஞ்சாயத்து அல்லது மாநகராட்சி பிறப்புச் சான்று, இரண்டும் இல்லாதபோதுதான் எலும்புப் பரிசோதனை. அந்த வரிசையில் ஆதாருக்கு இடமே கிடையாது. டி.சி. நகலை இப்போதே எடுத்து வையுங்கள். வருகை அட்டை, பி.எஃப். எண், பாஸ்புக் பக்கம் வீட்டில் இருந்தால் அதையும். அவளை எடுத்து வரச் சொல்லாதீர்கள், வார்டன் கையில் சிக்கினால் அன்றைக்கே ஆள் இடம் மாறிவிடும்.

செம்மண்:
நகல் சேர்க்கிறேன் என்று மாதக்கணக்கில் இழுக்கக் கூடாது. சூப்பர்வைசரோ மேஸ்திரியோ அத்துமீறியதாக ஒரு சொல் காதில் விழுந்தாலும் பொறுப்பதா வேண்டாமா என்ற பேச்சே இல்லை. குழந்தைகளைப் பாலியல் குற்றங்களிலிருந்து காக்கும் போக்சோ சட்டப் பிரிவு 19-படி தகவல் சொல்லியே ஆக வேண்டும், மறைத்தால் ஆறு மாதம் வரை சிறை. ராத்திரி ஷிப்ட் போடுகிறார்களா, போனை ஸ்பீக்கரில் போட்டு வார்டன் பக்கத்தில் நிற்கிறாரா, இதையும் விசாரியுங்கள். 18 வயதுக்குக் கீழே இருப்பவர்களை இரவு 7 முதல் காலை 8 வரை வேலை வாங்கக் கூடாது.

வேடசந்தூரான்:
டி.சி. அவங்க அம்மாகிட்ட இருக்கு. மில் பெயரையும் ஊரையும் இங்கே போடட்டுமா?

கோப்புக்காரன்:
போடாதீங்க! அவளை அடையாளம் காட்டும் எதையும் வெளியிடுவது சிறார் நீதிச் சட்டப் பிரிவு 74-ல் குற்றம். 1098-ல் மட்டும் சொல்லுங்கள். கூடவே கோட்டாட்சியருக்கும் குழந்தைகள் நலக் குழுவுக்கும் ஒரே நாளில் எழுத்தில் மனு. மீட்ட 24 மணி நேரத்துக்குள் குழுவின் முன் நிறுத்த வேண்டும். கொத்தடிமை விடுவிப்புச் சான்று கோட்டாட்சியர் கொடுக்க வேண்டியது. அது இல்லாமல் பஸ் ஏற்றிவிட்டால் உடனடி உதவியான 30,000 வரையிலான தொகையும் வராது. பெண்களுக்கும் குழந்தைகளுக்குமான 2 லட்சம் மறுவாழ்வுத் தொகை, தண்டனை உறுதியானால்தான்.

பஞ்சுமூட்டை:
சான்று வராமல் வீட்டுக்கு அனுப்பக் கூடாது என்பதில் எனக்கும் மறுப்பில்லை. ரெய்டில் நம்பிக்கை இன்னும் வரவில்லை. ஆனால் ஒன்று கேட்க விட்டுவிட்டோம்: சேர்த்தபோது அவங்க அப்பா புரோக்கரிடம் முன்பணம் வாங்கினாரா? எவ்வளவு? அதை அம்மாவிடம் தனியாகக் கேளுங்கள், கொத்தடிமை என்று காட்ட மனுவில் முதல் பத்தியில் அதுதான் வர வேண்டும்.