‘ஸ்வர்ல் மார்க்’: சுழற்கீறலா, இழைக்கீறலா?

தொகுப்பாளர் எழுதியது:

அன்புள்ள குழுவினருக்கு வணக்கம்.

கார் கழுவி மெருகேற்றும் பட்டறைகளில் புதிதாக வேலைக்குச் சேரும் பையன்களுக்கென்று ஒரு கையேடு எழுதி வருகிறேன். பெரும்பாலான சொற்களில் தகராறு இல்லை. பட்டி பார்ப்பது, டிங்கரிங், ரப்பிங், வாட்டர் வாஷ் எல்லாம் பட்டறையில் புழங்குகிறபடியே இருக்கும். ‘கார்’ என்றுதான் எழுதுகிறேன். மகிழுந்தா சீருந்தா என்ற பழைய வழக்கை இந்த இழையில் யாரும் திறக்க வேண்டாம் என்று கைகூப்பிக் கேட்டுக்கொள்கிறேன்.

சிக்கல் ஸ்வர்ல் மார்க்கில்தான். கறுப்பு அல்லது அடர்நீல வண்டியை வெயிலில் நிறுத்தினால், பானட்டில் சூரியன் பளிச்சிடும் இடத்தைச் சுற்றி மெல்லிய கோடுகள் வட்டவட்டமாகத் தெரியும். வெள்ளை வண்டியிலும் இருக்கும், கண்ணில் படாது. இதற்குச் ‘சுழற்கீறல்’ என்று சிலர் எழுதுகிறார்கள். எனக்கு அது சரியாகப் படவில்லை. ‘இழைக்கீறல்’ என்று வைக்கலாமா என்று கேட்கவே இந்த மடல்.

காரணம் சொல்கிறேன். அந்தக் கீறல்கள் வட்டமாக இல்லை. துணி போன திசையெல்லாம் நேராகவும் கோணலாகவும் ஆயிரக்கணக்கில் ஒன்றன்மேல் ஒன்றாகக் கிடக்கின்றன. ஒளி ஒரே புள்ளியிலிருந்து வரும்போது, அதற்குக் குறுக்கே அமைந்த கீறல்கள் மட்டுமே நம் கண்ணுக்கு ஒளியைத் திருப்பிவிடும். மற்றவை இருட்டிலேயே இருக்கும். அப்படி ஒளிர்பவை எல்லாம் சேர்ந்து ஒளியைச் சுற்றி வளையமாகத் தோன்றுகின்றன. சந்தேகம் இருப்பவர்கள் பழைய எவர்சில்வர் தட்டு ஒன்றை விளக்கின்கீழ் பிடித்துப் பாருங்கள். தட்டை அசைக்காமல் தலையை மட்டும் நகர்த்தினால் வட்டமும் கூடவே நகரும். கீறல் எழுந்து நடக்காது அல்லவா? ஆக, வட்டம் இருப்பது கண்ணில், பெயிண்ட்டில் இல்லை.

இதில் இன்னொரு பிசகும் உண்டு. பெயிண்ட்டில் உண்மையாகவே சுழன்ற வடிவத்தில் விழும் குறை வேறொன்று இருக்கிறது. ரோட்டரி பஃபிங் மிஷினில் கம்பளிப் பேட் மாட்டி, காரமான காம்பவுண்டு (பெயிண்ட்டைத் தேய்த்தெடுக்கும் பசை) போட்டு, மிஷினைச் சாய்த்துப் பிடித்து ஓட்டினால், அது போன வழியெல்லாம் மங்கலான வில்வளைவுப் பட்டைகள் நிற்கும். வண்டியைச் சுற்றி நடக்கும்போது அவை உள்ளே மிதப்பதுபோலத் தெரிவதால் ஹாலோகிராம் என்கிறார்கள். ‘சுழல்’ என்ற சொல் இதற்குத்தான் பொருந்தும். இதைச் ‘சுழல்தடம்’ எனலாம். முதல் குறை கழுவுகிறவர் கையால் வருவது, இரண்டாவது மிஷின்காரர் கையால் வருவது. இரண்டுக்கும் ஒரே பெயர் வைத்தால், மிஷின் விட்ட தடத்தை எடுக்க அதே மிஷினையும் அதே காம்பவுண்டையும் தூக்கிக்கொண்டு பையன் ஓடுவான்.

கருத்துகளை எதிர்பார்க்கிறேன்.

தமிழாசிரியர் (மயிலாடுதுறை) எழுதியது:

அன்பரே,

விளக்கம் அருமை. ஆனால் கலைச்சொல் என்பது அறிவியல் விளக்கத்தின் சுருக்கம் அன்று. சூரியன் உதிப்பதில்லை, பூமிதான் சுற்றுகிறது என்று தெரிந்த பிறகும் ‘சூரிய உதயம்’ என்றுதான் நாட்காட்டியில் அச்சிடுகிறோம். காண்பவனுக்குச் சுழலாகத் தெரிகிறது, ஆகவே சுழற்கீறல். வண்டிக்காரர் பட்டறைக்கு வந்து கையால் வட்டம் போட்டுக் காட்டித்தானே குறையைச் சொல்வார்?

இழைக்கீறலில் எனக்கு இரண்டு தடை. ஒன்று, மைக்ரோஃபைபர் துணியை நாம் ‘நுண்ணிழைத் துணி’ என்கிறோம். ‘நுண்ணிழைத் துணியால் துடைத்தால் இழைக்கீறல் விழாது’ என்ற வாக்கியத்தைப் படிக்கும் பையன் தலையைச் சொறிவான். இரண்டு, ‘மயிரிழைக் கீறல்’ என்ற வழக்கு ஏற்கெனவே இருக்கிறது. சுவரில், கண்ணாடியில் விழும் விரிசலுக்கும் அப்படிச் சொல்கிறார்கள். குழப்பம் வரும்.

‘சுழல்தடம்’ பற்றி: சுழல் என்பதைப் பெயராகக் கொண்டால் புணர்ச்சியில் ‘சுழற்றடம்’ என்றாகும். அப்படி எழுதினால் யாரும் படிக்க மாட்டார்கள் என்பதும் எனக்குத் தெரியும். ‘கொல்களிறு’ போல வினைத்தொகை என்று சொல்லித் தப்பித்துக்கொள்ளலாம். தப்பித்துக்கொள்ளுங்கள்.

பட்டறைக்காரர் (கோவை) எழுதியது:

அய்யா வணக்கமுங்க. நான் தமிழ் படிச்சவன் இல்லீங்க, பாலிஷ் போடறவன். படிச்சதும் சொல்லணும்னு தோணுச்சு.

பேர் எதுவா வேணா இருக்கட்டும். ஆனா தொகுப்பாளர் சொன்ன அந்த ரெண்டையும் பிரிக்கிறது ரொம்ப முக்கியமுங்க. கஸ்டமர் வந்து ‘ஸ்வர்ல் இருக்கு’ம்பார். நாங்க எல்ஈடி லைட்ட அடிச்சுப் பார்த்துத்தான் சொல்லுவோம், இது துணியில வந்ததா, முன்னாடி ஒருத்தர் மிஷின் ஓட்டினதுல வந்ததான்னு. ட்யூப் லைட் வெளிச்சத்துல ரெண்டுமே சரியாத் தெரியாது. வெயில் வேணும், இல்லைன்னா ஒரே புள்ளியா அடிக்கிற டார்ச் வேணும்.

துணியில வந்தது ஏன்னு கேட்டா, எல்லாம் காலைல நடக்கற வேலைதானுங்க. அபார்ட்மெண்ட்ல ஒரே பக்கெட் தண்ணி, ஒரே மஞ்சத்துணி, பத்து வண்டி. முதல் வண்டி வீல்ல இருந்த மண்ணு பத்தாவது வண்டி பானட்ல இருக்கும். இல்லாட்டி பனியன் வேஸ்ட்டை எடுத்துக் காஞ்ச தூசி மேலயே இழுக்கறது. ஆயுத பூஜைக்கு மறுநாள் காய்ஞ்ச சந்தனம் குங்குமத்தை வறட்டுத் துணியில தேய்ச்சு எடுக்கறாங்க பாருங்க, அதுவும் இதே கணக்குத்தான். நல்லாத் தண்ணி ஊத்தி ஊறவெச்சா தானா கழண்டு வந்துரும். தூசியோட கவர் போட்டு மூடறதும் தப்புங்க, காத்துல கவர் ஆடி ஆடித் தேய்க்கும்.

இன்னொன்னு. ரப்பிங் போட்டு வண்டிய வெளிய விட்டதும் கண்ணாடி மாதிரி இருக்கும். நாலு வாஷ் போனா கோடு எல்லாம் திரும்ப வந்துரும். கீறல் போயி வரலீங்க. பாலிஷ்ல இருக்கற எண்ணெய் அதுக்குள்ள போய் அடைச்சுக்கிட்டு இருந்துச்சு, இப்ப கழுவிப் போச்சு. அதனாலதான் பாலிஷ் முடிச்சதும் ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலைத் தண்ணில கலந்து துடைச்சுட்டுத்தான் கஸ்டமருக்குக் காட்டணும். அதுக்கும் ஒரு பேர் குடுங்க. ‘பொய்ப் பளபளப்பு’ன்னு நாங்க சொல்லுவோம்.

ரொறன்ரோ வாசகி எழுதியது:

வணக்கம். இங்கே குளிர்காலத்தில் றோட்டுக்கு உப்புப் போடுவார்கள். அது பட்டால் கார் துருப்பிடிக்கும் எண்டு எல்லாரும் ஓடிப்போய்த் தானாகக் கழுவுகிற இடத்தில் விடுறது. அங்கே சுத்துகிற பெரிய பிறஷ்தான் இந்தக் கோடுகளுக்குப் பாதிக் காரணம். முன்னுக்குப் போன காரின் மணல் அதிலேயே கிடக்கும். பிறஷ் இல்லாமல் தண்ணி மட்டும் அடிக்கிற இடம் தேடிப் போகச் சொல்லுங்கோ.

சொல்லைப் பற்றி ஒரு சின்ன விசயம். எங்கட பக்கம் ‘கீறுறது’ எண்டால் படம் கீறுறதும்தான். ஆனாலும் ‘கார் கீறுப்பட்டுப்போச்சு’ எண்டால் எல்லாருக்கும் விளங்கும். ஆகவே கீறல் இருக்கட்டும். சுழலா இழையா எண்டு கேட்டால் நான் இழைப் பக்கம். சுழல் எண்டு கேட்டவுடன் எனக்கு மிஷின்தான் ஞாபகம் வருது.

தொகுப்பாளர் எழுதியது:

அனைவருக்கும் நன்றி.

ஆசிரியர் ஐயாவுக்கு முதலில். சூரிய உதயம் என்ற சொல்லால் எவருக்கும் நட்டமில்லை. சுழற்கீறல் என்ற சொல்லால் பெயிண்ட்டுக்கு நட்டம் உண்டு. அதனால்தான் இவ்வளவு பிடிவாதம்.

காரின் உடம்பில் இருப்பது பல அடுக்கு. தகட்டின்மேல் துருவைத் தடுக்கும் மின்படிவு, அதன்மேல் பிரைமர், அதன்மேல் நிறம், எல்லாவற்றுக்கும் மேலே நிறமில்லாத கிளியர் கோட். தொழிற்சாலைப் பெயிண்ட்டில் எல்லாம் சேர்த்துப் பொதுவாக 100 முதல் 150 மைக்ரான் (ஒரு மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு). கிளியர் கோட் அதில் சுமார் 35 முதல் 50. நாம் பேசுகிற கீறல்கள் இந்தக் கடைசி அடுக்கின் மேற்பரப்பில் இருப்பவை. பாலிஷ் கீறலை அழிப்பதில்லை. கீறலின் அடிமட்டம் வரை சுற்றியுள்ள பரப்பைத் தேய்த்துத் தாழ்த்துகிறது. மென்மையான பாலிஷில் போவது ஒன்றிரண்டு மைக்ரான்தான். கம்பளிப் பேடும் காம்பவுண்டும் சேர்ந்தால் அதைவிட நிறையப் போகும். போனது திரும்ப வராது. வெயிலின் புறஊதாக் கதிரைத் தாங்கும் வேதிப்பொருளும் கிளியர் கோட்டில்தான் இருக்கிறது. அளவுக்கு மீறித் தேய்த்த வண்டியில் சில ஆண்டுகள் கழித்துக் கூரையும் பானட்டும் வெளுத்துச் செதில்செதிலாக உரிவதைப் பார்த்திருப்பீர்கள்.

இந்தக் கணக்கு தெரிந்தால் சொல்லின் தேவை விளங்கும். இழைக்கீறலுக்கு முதல் மருந்து மிஷின் இல்லை, கழுவும் முறை. தண்ணீர் பீய்ச்சி மண்ணை இறக்கிவிட்டு, நுரை போட்டு ஊறவிட்டு, பிறகே கை வைக்க வேண்டும். ஷாம்பூவுக்கு ஒரு வாளி, துணியை அலச ஒரு வாளி. கூரையில் தொடங்கிக் கீழே இறங்க வேண்டும். அழுக்கு மிகுந்த அடிப்பகுதியும் சக்கரமும் கடைசி, அவற்றுக்குத் துணியும் வேறு. தரையில் விழுந்த துணி அன்றைக்கு அவ்வளவுதான். போர் தண்ணீராக இருந்தால் வெயிலில் காயவிடக் கூடாது. சுண்ணாம்புத் திட்டு படிந்து, அதைத் தேய்க்கப் போய்ப் புதுக் கீறல் விழும். இத்தனையும் சரியான பிறகுதான் டூயல் ஆக்‌ஷன் மிஷின் (சுழல்வதோடு ஆடவும் செய்யும் வகை), ஸ்பாஞ்சுப் பேட், மென்மையான பாலிஷ். அதுவும் ஓர் ஓரத்தில் சிறு சதுரத்தில் போட்டுப் பார்த்து, அது போதவில்லை என்றால் மட்டும் அடுத்த படி காரம். பெயிண்ட் தடிமன் அளக்கும் கருவி இருந்தால் முதலில் அளந்துகொள்ளலாம். சாதாரணக் கருவி மொத்தத் தடிமனைத்தான் காட்டும், கிளியர் கோட்டைத் தனியாகக் காட்டாது; பிளாஸ்டிக் பம்பரில் வேலையே செய்யாது.

சுழல்தடத்துக்கு வைத்தியம் வேறு. அங்கே கழுவும் முறையைக் குறை சொல்லிப் பயனில்லை. மென்மையான பேடால் கடைசிச் சுற்று ஓட்டாமல் விட்டதுதான் கோளாறு. அதை ஓட்டி முடித்தால் பெரும்பாலும் போய்விடும்.

நுண்ணிழைத் துணி பற்றி: பாக்கெட்டிலேயே மைக்ரோஃபைபர் என்று போட்டிருப்பதால் கையேட்டில் அப்படியே இருக்கும். எனவே ஐயா பயந்த வாக்கியம் வராது. மயிரிழைக் கீறல் உறவுதான், பகை இல்லை; மெல்லியது என்ற பொருளை அது முன்கூட்டியே பழக்கி வைத்திருக்கிறது. இன்னொரு வசதியும் உண்டு. சந்தனம் இழைக்கிறோம், மரம் இழைக்கிறோம். தேய்ப்பதால் வருவது என்ற குறிப்பும் அந்தச் சொல்லில் ஒட்டிக்கொண்டிருக்கிறது.

எது இழைக்கீறல், எது வெறும் கீறல் என்பதற்கு நகம் போதும். குறுக்கே மெல்ல நகத்தை ஓட்டினால் தட்டக் கூடாது. தட்டினால் அது ஆழக் கீறல். அதைப் பாலிஷால் எடுக்க முயன்றால் கிளியர் கோட்டே மிஞ்சாது. பட்டறைக்காரர் தந்த ‘பொய்ப் பளபளப்பு’ அப்படியே கையேட்டில் ஏறுகிறது. அதைவிட நல்ல சொல் நம்மில் யாருக்கும் தோன்றியிருக்காது.

‘பெயிண்ட் கரெக்‌ஷன்’ என்பதை, அதாவது பாலிஷ் போட்டுப் பரப்பைச் சமன்செய்யும் வேலையை, ‘பெயிண்ட் திருத்தம்’ என்று யாரோ தனிமடலில் அனுப்பியிருக்கிறார்கள். பரீட்சைத் தாள் திருத்துவது போல இருக்கிறது. ‘கீறல் நீக்கம்’ என்பதும் வேண்டாம், கீறல் நீங்குவதில்லை என்று மேலேயே சொல்லிவிட்டேன். ‘தேய்த்துச் சமனிடல்’ என்று தற்காலிகமாக எழுதியிருக்கிறேன். நீளம்தான். ஆனால் எதையோ தேய்த்து இழக்கிறோம் என்பது காதில் விழுகிறது.

தமிழாசிரியர் எழுதியது:

ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அகராதிப் பகுதியில் ‘சுழற்கீறல் – காண்க: இழைக்கீறல்’ என்று ஒரு வரி போடுங்கள். ஏற்கெனவே எழுதியவர்கள் தேடி வந்தால் வழி தெரிய வேண்டும்.

பட்டறைக்காரர் எழுதியது:

நம்ம பையன்ககிட்ட நேத்து சொல்லிப் பார்த்தனுங்க. கீறலை விட்டுட்டானுக. ‘அண்ணா, இந்த ஹோண்டாவுல இழை ஜாஸ்தி, மிஷின் தடம் இல்லை’ங்கறான். உங்களுக்குப் பரவாயில்லீங்களா?

தொகுப்பாளர் எழுதியது:

தாராளமாக. ‘இழை’, ‘தடம்’ இரண்டையும் பேச்சுவழக்கு என்று குறித்துச் சேர்த்துவிடுகிறேன். ஐயா சொன்ன ‘காண்க’ வரியும் உண்டு.

அடுத்தது செராமிக் கோட்டிங், பெயிண்ட்டின் மேல் பாதுகாப்புக்குப் பூசுவது. ‘பீங்கான் பூச்சு’ என்று எழுதி அனுப்பியவர்கள் மூன்று பேர். புட்டியில் வருவது பெரும்பாலும் சிலிக்கன் சேர்மம்; காய்ந்து சிலிக்கா சார்ந்த மெல்லிய படலமாகிறது, பீங்கானாக அல்ல. விளம்பரத்தில் போடும் 9எச் என்பதும் பென்சில் கடினத்தன்மைச் சோதனையின் எண். வைரத்துக்குப் பத்து தரும் மோஸ் அளவு இல்லை. பீங்கான் என்று பெயர் வைத்தால் இனிக் கீறலே விழாது என்று நம்பி, மஞ்சத்துணிக்காரரிடமே வண்டியை விட்டுவிடுவார்கள். ‘சிலிக்காப் பூச்சு’ என்று தொடங்குகிறேன். மறுப்பவர்கள் தனி இழையில் எழுதவும்.