கிணற்றுத் தண்ணீர் குடிக்கும் பிள்ளைக்குப் புளோரைட் பூச்சுத் தேவையா?

கேள்வி (கோப்பாய்த் தாய்):
என் நான்கு வயது மகளின் மேற்பற்களில் முரசோரமாக வெள்ளைக் கோடுகள் தெரிவதால் பல்லைச் சூத்தையிலிருந்து காக்கும் புளோரைட் தாதுவைப் பூசலாம் என்று பல் வைத்தியர் சொன்னார். கிணற்றுத் தண்ணீரிலும் புளோரைட் இருக்கலாமே, அதையே குடிக்கும் பிள்ளைக்கு இந்தப் பூச்சு மிகையாகிவிடாதா?

பதில் 1:
முரசோரக் கோடுகள் பெரும்பாலும் சூத்தையின் தொடக்கமே. இந்த நிலையில் அதைத் தடுத்து நிறுத்த முடியும் என்பதால் தயவுசெய்து தள்ளிப்போடாதீர்கள். பூச்சில் 5 வீதம் சோடியம் புளோரைட் இருந்தாலும், சிறு தூரிகையால் மெல்லியதாகத் தடவப்படும் அது எச்சில் பட்டதும் பல்லில் இறுகிவிடுவதால், வயிற்றுக்குள் போவது மிகச் சொற்பமே. வழக்கமாக ஆறு மாதத்துக்கு ஒருமுறை பூசுவார்கள்.

பதில் 2:
தண்ணீரையும் பரிசோதியுங்கள். குடிதண்ணீரில் உள்ள புளோரைட்டுக்கு உலக சுகாதார நிறுவனத்தின் எல்லை லீற்றருக்கு 1.5 மில்லிகிராம், கொதிக்க வைப்பதால் புளோரைட் குறையாது.

பதில் 3:
இரவில் பட்டாணியளவு பற்பசையால் நீங்களே துலக்கிவிடுங்கள். துப்பிய பின் வாய் கொப்பளிக்க வேண்டாம்.