திறந்த மறுநொடியே மூடிக்கொண்ட பில்லிங் ஃபைல்

நான் கணக்குப் பார்க்கும் மருந்து மொத்தக் கடையில் பில், ஸ்டாக் எல்லாமே மைக்ரோசாஃப்டின் டேட்டாபேஸ் புரோகிராமான அக்சஸில் செய்த ஒரு ஃபைலில்தான் ஓடுகின்றன. ஒரு மார்ச் கடைசியில், வருடக் கணக்கு முடிக்கும் நெருக்கடியில் அது படுத்துவிட்டது. டபுள் கிளிக் செய்தால் முகப்பு ஃபார்ம், அதாவது முதல் திரை, தலைகாட்டும், மறுநொடி அக்சஸே மொத்தமாக மூடிக்கொள்ளும். எரர் நம்பர்கூட வராது.

ஃபைல் திறந்ததும் தானாக ஓடுவது ஆட்டோஎக்செக் என்ற மேக்ரோ, அதாவது வரிசையாக எழுதி வைத்த கட்டளைகள். அதனால் சந்தேகம் முழுக்க அதன்மேல்தான். ஷிஃப்ட் கீயை அழுத்திப் பிடித்துக்கொண்டு திறந்தால் அது ஓடாது. அப்படித் திறந்ததும் ஃபைல் மூடிக்கொள்ளாமல் நின்றது. கணக்கு விவரங்கள் இருக்கும் டேபிள்கள் பத்திரமாக இருந்ததைப் பார்த்த பிறகுதான் எனக்கு மூச்சே வந்தது. உடனே ஒரு நகல் எடுத்து வைத்தேன்.

அப்புறம் மேக்ரோவில் சிங்கிள் ஸ்டெப் போட்டு ஒவ்வொரு வரியாக ஓட்டினேன். ஃபார்மைத் திறக்கும் ஓப்பன்ஃபார்ம் வரிக்கு வந்ததும் அக்சஸ் போய்விட்டது. ஒரு நாள் முழுக்க அந்த மேக்ரோவை அழித்து அழித்து எழுதியதுதான் நான் செய்த தப்பு. மேக்ரோ ஃபார்மைக் கூப்பிடுகிறது, அவ்வளவுதான். கோளாறு ஃபார்முக்குப் பின்னால் இருக்கும் விபிஏ கோடில், அதாவது அக்சஸுக்குள் எழுதும் புரோகிராம் வரிகளில்.

அதுவும் நாம் எழுதிய வரிகளில் இல்லை. எழுதிய வரிகளோடு அவற்றின் கம்பைல் ஆன வடிவத்தையும் (ஓட்டுவதற்காக மாற்றிய வடிவம்) அக்சஸ் உள்ளே வைத்திருக்கும். அந்த வடிவம் கெட்டால், வரிகள் சரியாக இருந்தும் ஃபார்ம் விழும். முந்தின நாள் நெட்வொர்க் டிரைவில் இருந்த அதே ஃபைலில் ஃபார்மைத் திருத்தி சேவ் செய்யும்போது இணைப்பு அறுந்திருந்தது. அங்கேதான் கெட்டிருக்க வேண்டும்.

தீர்த்தது டீகம்பைல், அதாவது அந்தக் கம்பைல் ஆன வடிவத்தைத் தூக்கி எறிவது. விண்டோஸ் ரன் பெட்டியில் அக்சஸ் புரோகிராமின் பெயர், ஃபைல் இருக்கும் இடம், கடைசியில் சாய்கோடு போட்டு ‘டீகம்பைல்’. என்டர் தட்டும்போதும் ஷிஃப்டை விடக்கூடாது, விட்டால் விபிஏ கோடு ஓடி மறுபடி கம்பைல் ஆகிவிடும். நகலில் மட்டுமே செய்யுங்கள். பிறகு மூடித் திறந்து, ஃபைலைச் சுருக்கிச் சரிசெய்யும் காம்பாக்ட் அண்ட் ரிப்பேர். ஆல்ட் எஃப்11 அழுத்தி டீபக் மெனுவில் கம்பைல். ஃபார்ம் திறந்தது, நின்றது.

அன்று மாலையே ஃபைலை இரண்டாகப் பிரித்தேன். டேபிள்கள் மட்டும் சர்வரில். ஃபார்ம், மேக்ரோ, கோடு எல்லாம் ஒவ்வொரு கம்ப்யூட்டரிலும் தனி நகலாக. இப்போது ஒருவருடைய நகல் கெட்டால் நல்ல நகலை அதன்மேல் போட்டுவிடுகிறேன். பக்கத்து மேஜையில் பில் போட்டுக்கொண்டே இருக்கிறார்கள்.