கூப்பன் இல்லாதவருக்கு என்ன விலை?

போன மாதம் ஒரு பெரிய தள்ளுபடிக் கடையில் படுக்கை விரிப்பு வாங்கினேன். உறையின் மேல் பளிச்சென்று சிவப்பு ஸ்டிக்கர், 60 சதவீதம் தள்ளுபடி. பழைய விலையைக் கோடு போட்டு அடித்திருந்தார்கள். வீட்டுக்கு வந்து பிரிக்கும்போது பார்த்தால் ஸ்டிக்கரின் ஓரம் லேசாகத் தூக்கிக்கொண்டிருந்தது. எனக்கு ஒரு பழக்கம், எங்கே ஓரம் தூக்கியிருந்தாலும் நகத்தால் சுரண்டாமல் இருக்க முடியாது. சுரண்டினேன். அடியில் மஞ்சள் ஸ்டிக்கர், 40 சதவீதம். அதற்கும் அடியில் வெள்ளை ஸ்டிக்கர். அதில் தள்ளுபடி என்ற பேச்சே இல்லை, வெறும் விலை மட்டும். அந்த வெறும் விலையும், 60 சதவீதம் போக நான் கொடுத்ததும் ஏறக்குறைய ஒன்றுதான். விலையை ஏற்றி எழுதி, பிறகு இறக்கியிருக்கிறார்கள்.

விரிப்பைக் குறை சொல்ல மாட்டேன், துணி நன்றாகவே இருக்கிறது. கொடுத்த காசுக்கும் தகும். எரிச்சல் எதற்கென்றால், ஒன்று வாங்கப் போன நான் 60 சதவீதத்தைப் பார்த்து இரண்டாக வாங்கி வந்ததற்கு. போதாததற்குக் கல்லாவில் ஒரு கூப்பன் வேறு கொடுத்தார்கள், அடுத்த முறை வந்தால் கழித்துக்கொள்ளலாமாம், பத்து நாள்தான் கெடு.

உங்களுக்கும் இப்படி ஏதாவது நடந்திருக்கும். எழுதுங்கள். கடைப் பெயர் வேண்டாம், நடந்தது போதும்.

* * *

அக்கா, உங்களுக்கு ஸ்டிக்கர். எனக்கு நட்சத்திரக்குறி. "கடை முழுவதும் 30 சதவீதம்" என்று கொட்டை எழுத்தில் கூப்பன். 'முழுவதும்' என்ற சொல்லின் தலையில் ஒரு சின்ன நட்சத்திரம், அதை நான் அலங்காரம் என்று நினைத்துவிட்டேன். மிக்ஸிக்குச் செல்லாது. ஷூவுக்குச் செல்லாது. வாசனைத் திரவியத்துக்குச் செல்லாது. ஏற்கெனவே தள்ளுபடியில் இருப்பதற்கும் செல்லாது. பின்பக்கம் திருப்பினால் எறும்பு ஊர்ந்த மாதிரி எழுத்தில் நீளமான பட்டியல். சில கம்பெனிகள் தங்கள் பொருளுக்குக் கூப்பன் கழிவு கூடாது என்ற நிபந்தனையோடுதான் கடைக்குச் சரக்கே கொடுக்கும் என்று பிறகு தெரிந்துகொண்டேன். சரி, கையில் எடுத்ததைத் திருப்பி வைக்கவும் கூச்சம். அன்று அந்தக் கூப்பன் செல்லுபடியான ஒரே பொருள் காலுறை. மூன்று ஜோடி.

* * *

நான் அந்தப் பக்கம் நின்றவன். இப்படிப்பட்ட ஒரு கடையின் கல்லாவில் மூன்று வருடம் வேலை பார்த்திருக்கிறேன்.

எங்கள் மேசைக்கு அடியில், ஸ்கேனருக்குப் பக்கத்தில், அந்த வாரத்துக் கூப்பனை டேப் போட்டு ஒட்டி வைத்திருப்போம். வாடிக்கையாளர் "வீட்டிலேயே வைத்துவிட்டு வந்துவிட்டேன்" என்றால் அதை ஒரு தடவை ஸ்கேன் செய்துவிடலாம். மேலாளருக்குத் தெரிந்தே நடப்பதுதான். ஆனால் கேட்டவருக்கு மட்டும். நாங்களாகக் கொடுக்கக் கூடாது.

ஒரு நாள் ஒரே வரிசையில் இரண்டு பெண்கள், இருவர் கையிலும் ஒரே மாதிரி நீலச் சட்டை. முதலாமவர் "கூப்பன் ஏதாவது இருக்கிறதா தம்பி?" என்று சிரித்துக்கொண்டே கேட்டார், 20 சதவீதம் குறைத்தேன். அடுத்தவர் ஒன்றும் கேட்கவில்லை. முழு விலைக்கு பில் போட்டேன். அவர் பில்லை வாங்கி, முன்னால் போனவர் பக்கம் ஒரு தடவை பார்த்துவிட்டு, "எனக்கு ஏன் அந்த விலை இல்லை?" என்றார். சண்டை போடும் குரல் இல்லை, நிஜமாகவே தெரிந்துகொள்ளத்தான் கேட்டார். கேட்கவில்லை என்பதற்காக என்று எப்படிச் சொல்வது? ஸ்கேனரை எடுத்து மறுபடி அடித்தேன். அன்று சாயங்காலம் எனக்குத் திட்டு கிடைத்தது, அது வேறு கதை.

இன்னொன்று, பொருளைத் திருப்பிக் கொடுக்கும்போதுதான் மனஸ்தாபம் அதிகம். இரண்டு வாங்கினால் ஒன்று இலவசம் என்பதில் மூன்றாவது பொருள் உங்களுக்குச் சும்மா வந்ததாக நீங்கள் நினைக்கிறீர்கள். கணினி அப்படி நினைக்காது. மூன்றும் ஒரே விலை என்றால் கழிவை மூன்றின் மேலும் பரப்பிவிடும். ஒன்றைத் திருப்பினால் அதன் விலையில் மூன்றில் இரண்டு பங்குதான் கைக்கு வரும். இதைத் தினமும் நாலு பேருக்கு விளக்கியிருக்கிறேன். ஒருவர்கூட நம்பி நான் பார்த்ததில்லை.

* * *

மேலே கல்லாவில் நின்ற அனுபவம் எழுதிய அண்ணாவுக்கு நன்றி. நான் கணக்கு வாத்தியார், அதனால் கணக்கு மட்டும்.

40 சதவீதம், அதன் மேல் இன்னும் 20 சதவீதம் என்றால் 60 இல்லை. விலை 100 என்று வையுங்கள். 40 போனால் 60. அந்த அறுபதில் 20 சதவீதம் 12, மீதி 48. ஆக 52 சதவீதம்தான். தெரிந்த விஷயம் என்பீர்கள், ஆனால் கடையில் நிற்கும்போது என் வாயிலும் அறுபது என்றுதான் வருகிறது.

'1000-க்கு வாங்கினால் 200-க்குக் கூப்பன்' என்பது இதைவிடக் கெட்டி. 20 சதவீதம் போலத் தெரியும். ஆனால் அந்த 200-ஐச் செலவழிக்க மறுபடி அதே கடைக்குப் போக வேண்டும். சரியாக 200-க்கே வாங்கினாலும், 1200 மதிப்புள்ள சரக்குக்கு 1000 கொடுத்திருக்கிறீர்கள். கழிவு 16.67 சதவீதம். 200-க்குச் சரியாக எதுவும் கிடைக்காமல் 350-க்கு வாங்கினால் இன்னும் குறையும். கெடுவுக்குள் போகவே மறந்தால் பூஜ்யம்.

பில்லில் எதை முதலில் கழிக்கிறார்கள் என்றும் பாருங்கள். 100 விலைப் பொருளுக்கு 25 சதவீதக் கூப்பன் ஒன்று, 20 கழிக்கும் கூப்பன் ஒன்று. சதவீதம் முதலில் என்றால் 75, அதில் 20 போக 55. இருபதை முதலில் கழித்தால் 80, அதில் 25 சதவீதம் போக 60. அதே இரண்டு காகிதம்தான்.

* * *

எல்லோரும் கணக்குப் போட்டுத் திட்டுகிறீர்கள். எங்கள் அம்மா சார்பில் ஒரு வார்த்தை.

அம்மாவிடம் கூப்பனுக்கென்றே ஒரு பிஸ்கட் டப்பா இருந்தது. உள்ளே மாத வாரியாக ரப்பர் பேண்டு. கெடு முடிய இரண்டு நாள் இருப்பவை எப்போதும் மேலே. எங்கள் மூன்று பேருக்கும் பள்ளி திறக்கும்போது வாங்கும் துணி, பை, செருப்பு எல்லாம் அந்த டப்பாவிலிருந்து வந்தவை என்றே சொல்லலாம். அவர் ஏமாந்து நான் பார்த்ததில்லை. பட்டியல் எழுதிக்கொண்டு போவார், பட்டியலில் இல்லாததைக் கையால் தொட மாட்டார். 60 சதவீதம் என்று எழுதியிருந்தால் அந்தப் பக்கம் திரும்பக்கூட மாட்டார், "இப்போது நம்மிடம் இருப்பது எவ்வளவு?" என்பதுதான் அவருடைய ஒரே கேள்வி.

ஒரு தடவை நான் பெரிய மேதாவி போல, "இதற்காக இரண்டு மணி நேரம் உட்கார்ந்து பேப்பரிலிருந்து கூப்பன் வெட்டுகிறாயே, சுண்டைக்காய் கால் பணம், சுமைக்கூலி முக்கால் பணம்" என்றேன். அம்மா கத்தரிக்கோலை வைக்காமலே, "அந்த ரெண்டு மணி நேரத்துக்கு எனக்கு வேற யாரு கூலி கொடுக்கப் போறா?" என்றார். பிறகு கல்லூரியில் பொருளாதாரம் படிக்கும்போது வாத்தியார் இதையேதான் பெரிய பெயர் வைத்து நடத்தினார். நேரம் இருந்து காசு இல்லாதவருக்கு ஒரு விலை, காசு இருந்து நேரம் இல்லாதவருக்கு ஒரு விலை, இரண்டு பேரையும் பிரித்துக் காட்டும் சல்லடைதான் கூப்பன் என்று.

ஒன்றை மட்டும் ஒப்புக்கொள்கிறேன். நேரமும் இல்லாமல் காசும் இல்லாதவர் அந்தச் சல்லடையில் முழு விலைப் பக்கம்தான் விழுவார். இரண்டு இடத்தில் வேலைக்குப் போகிறவர் எங்கே உட்கார்ந்து வெட்டுவது?

* * *

கூப்பனே வேண்டாம், ஒரே விலை போடுவோம் என்று ஒரு பெரிய கடை முயன்று பார்த்ததே, அது இங்கே யாருக்கும் நினைவில்லையா?

அமெரிக்காவின் ஜேசி பென்னி. ஆப்பிள் கடைகளை நடத்திப் பெயர் வாங்கிய ரான் ஜான்சன் அங்கே தலைமைக்கு வந்து, 2012 பிப்ரவரியில் விலை முறையையே மாற்றினார். அதற்கு முன்பு வருடத்துக்குச் சுமார் 590 தள்ளுபடி விற்பனைகள் நடத்திக்கொண்டிருந்த கடை அது. கூப்பன்களை நிறுத்தினார், 99-ல் முடியும் விலைகளை எடுத்துவிட்டு முழு எண்ணாகப் போட்டார். நியாயம்தானே? ஒரே வருடத்தில் விற்பனை கால் பங்கு சரிந்தது. 1,700 கோடி டாலருக்கு மேல் இருந்தது 1,300 கோடிக்கு வந்தது. 2013 ஏப்ரலில் அவர் வெளியே. கூப்பன் மறுபடி உள்ளே.

ஜனங்களுக்கு ஏமாறப் பிடிக்கும் என்று பலர் இதற்கு அர்த்தம் சொல்கிறார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. ஒரு சட்டை என்ன பெறும் என்று நமக்கு எப்படித் தெரியும்? நூல் விலை தெரியுமா, கூலி தெரியுமா? அடித்துப் போட்ட அந்தப் பழைய விலை ஒன்றுதான் பிடிமானம். அதையும் எடுத்துவிட்டால் இது மலிவா யானை விலையா என்று எதை வைத்துச் சொல்வது? அதோடு பேரம் பேசி வாங்குவதில் ஒரு திருப்தி இருக்கிறதே, அது பெரிய கடைகளில் போய்விட்டது. கூப்பன் என்பது கடைக்காரரே நமக்காகப் பேசிக்கொடுக்கும் பேரம். இரண்டு பக்கமும் அவரே பேசிவிடுகிறார், அவ்வளவுதான்.

முதலில் எழுதிய அக்காவின் ஸ்டிக்கர் விஷயத்துக்கு வருகிறேன். அந்தப் பிடிமானமே பொய்யாக இருக்கக் கூடாது என்று சட்டங்கள் உண்டு. கலிஃபோர்னியாவில் பழைய விலை என்று விளம்பரம் செய்தால், அது முந்தைய மூன்று மாதத்துக்குள் நடப்பில் இருந்த விலையாக இருக்க வேண்டும், இல்லையென்றால் எப்போது இருந்தது என்று தேதி சொல்ல வேண்டும். ஐரோப்பிய ஒன்றியத்தில் 2022 மே 28 முதல் இன்னும் கறார். விலை குறைப்பு என்று அறிவித்தால், அதற்கு முந்தைய 30 நாளில் இருந்த மிகக் குறைந்த விலையைக் காட்ட வேண்டும். அதை ஒரு மூலையில் போட்டுவிட்டு வேறு விலையிலிருந்து சதவீதம் கணக்கிடக் கூடாது என்று 2024 செப்டம்பரில் அவர்களுடைய நீதிமன்றமும் சொல்லிவிட்டது. அங்கே உங்கள் வெள்ளை ஸ்டிக்கர் ஒரு மாதத்துக்குள் ஒட்டியதாக இருந்தால் சிவப்பு ஸ்டிக்கருக்கு வேலையே இல்லை.

* * *

நான்தான், முதலில் எழுதியவள். எல்லாவற்றையும் படித்தேன். கணக்கு வாத்தியார் சொன்ன 'கெடுவுக்குள் போக மறந்தால் பூஜ்யம்' என்பதை இரண்டு வாரம் முந்திப் படித்திருந்தால் தேவலை. பூஜ்யம் ஆகிவிடக் கூடாதென்று ஒன்பதாம் நாளே போய் அந்தக் கூப்பனுக்குத் தலையணை வாங்கிவிட்டேன். இரண்டு வாங்கினால்தான் கூப்பன் செல்லும் தொகை வந்தது. நான்காக வாங்கினால் இன்னும் 10 சதவீதம் என்றார்கள்.

நேற்று பிரிக்காத இன்னொரு விரிப்பைத் திருப்பிக் கொடுக்கப் போனேன். முகம் சுளிக்காமல் வாங்கிக்கொண்டார்கள். ஆனால் இதை வாங்கியதற்காகக் கொடுத்த கூப்பனை நீங்கள் ஏற்கெனவே பயன்படுத்திவிட்டீர்கள் அம்மா என்று, விரிப்பின் பங்குக்கு வந்த கூப்பன் தொகையைக் கழித்துக்கொண்டு மீதியைக் கொடுத்தார் அந்தப் பையன். கல்லாவில் நின்ற தம்பி, நீங்கள் எழுதியதைப் படித்ததால்தான் அவனோடு சண்டை போடாமல் வந்தேன்.

வீட்டில் இப்போது ஆறு தலையணை இருக்கிறது. தலை இரண்டுதான்.