வரலாற்றில் முனைவர் பட்டம்: முதலில் ஆவணக் கோப்பைத் தேடுங்கள், அப்புறம் தலைப்பு

கிள்ளானிலிருந்து:

ரவாங் தம்பி கேட்டிருந்தார்: இடைநிலைப்பள்ளியில் சரித்திரம் சொல்லிக்கொடுத்துக்கொண்டே பகுதிநேரமாக முனைவர் பட்டம் செய்ய முடியுமா, மலேசிய ரப்பர்த் தோட்ட மக்களின் வரலாறுதான் தனக்கு ஆசை என்று. முடியும். நானும் ஆசிரியர்தான், கோலாலம்பூரில் ஒரு பல்கலைக்கழகத்தில் செய்து முடித்தேன். கட்டணம், பருவம், விண்ணப்பத் தேதி இதெல்லாம் அவ்வப்போது மாறும், பல்கலைக்கழகத்திடமே கேட்டுக்கொள்ளுங்கள். எங்கள் வரலாற்றுத் துறையில் ஆய்வேடு மலாயிலோ ஆங்கிலத்திலோதான் இருக்க வேண்டும். இந்திய ஆய்வியல் துறை என்றால் கதை வேறு.

நான் சொல்ல வந்தது முதல் சந்திப்பைப் பற்றி. மேற்பார்வையாளர் மலாய்க்காரர், ஓய்வு பெறும் வயதை நெருங்கியவர். மலாயாத் தோட்டத் தொழிலாளர்களின் துயரம் என்று நான் ஆரம்பித்ததைக் குறுக்கிடாமல் கேட்டார். முடித்ததும் ஒரே ஒரு கேள்வி. "ஃபைல் எங்கே இருக்கிறது?" எனக்குப் புரியவில்லை. "துயரம் இருந்தது எனக்கும் தெரியும், சிக்கு (மலாயில் ஆசிரியர்). எந்தத் தோட்டம், எந்த வருஷம், யார் எழுதி வைத்த காகிதம்? அதைக் கண்டுபிடித்துக்கொண்டு வாருங்கள், தலைப்பை அப்புறம் பேசலாம்." அன்று கோபம்தான் வந்தது. இப்போது என்னிடம் யோசனை கேட்டு வருகிறவர்களிடம் நானும் அதையேதான் கேட்கிறேன்.

தேடியதில் 1941ஆம் ஆண்டு கிள்ளான் வட்டாரத் தோட்ட வேலைநிறுத்தங்கள் அகப்பட்டன. நான் பிறந்து வளர்ந்த ஊர், ஆனால் பள்ளிப் பாடத்தில் அதைப் பற்றி ஒரு வரி படித்த ஞாபகம் இல்லை. ஜாலான் டூத்தா பக்கம் தேசிய ஆவணக் காப்பகம் இருக்கிறதே (சாலைக்கு இப்போது ஜாலான் துவாங்கு அப்துல் ஹலிம் என்று பெயர்), பள்ளி விடுமுறையெல்லாம் அங்கேதான் கழிந்தது. பேனாவைப் பையில் வைத்துவிட்டுப் பென்சிலோடு உட்கார வேண்டும். கோப்பு எண் தெரியாமல் போனால் அன்றைய பொழுது வீண், அதனால் பட்டியலை முதல் நாளே பார்த்து எண்களைக் குறித்துக்கொள்ளுங்கள். சிலாங்கூர் செயலகக் கோப்புகள், தொழிலாளர் இலாகா அறிக்கைகள், கோலாலம்பூரில் இருந்த இந்திய அரசின் ஏஜெண்டு எழுதிய ஆண்டறிக்கைகள், இவை மூன்றும் எனக்குச் சோறு போட்டன.

அந்தக் காகிதங்களில் நம் ஆட்கள் பெரும்பாலும் எண்ணிக்கையாகத்தான் வருவார்கள். இத்தனை பேர் வந்து இறங்கினார்கள், இத்தனை பிறப்பு, இத்தனை இறப்பு. பள்ளி வயதுப் பிள்ளைகள் 10 பேர் இருந்தால் தோட்டத்தில் பள்ளி வைக்க வேண்டும் என்று 1923ஆம் ஆண்டின் தொழிலாளர் சட்டம் சொன்னது. அந்தப் பள்ளியில் உண்மையில் என்ன நடந்தது என்பதற்கு வேறு இடத்தில் தேட வேண்டும். 1941 கோப்புகளில் மட்டும் கொஞ்சம் குரல் கேட்டது. சீனத் தொழிலாளிக்குக் கொடுக்கிற கூலி எங்களுக்கும் வேண்டும், கள்ளுக்கடையை மூடு, பிள்ளைகளுக்கு ஒழுங்கான படிப்பு வேண்டும் என்ற கோரிக்கைகளோடு, துரையைக் கண்டால் சைக்கிளை விட்டு இறங்கி நிற்கிற வழக்கத்தை நிறுத்து என்பதும் இருந்தது. அதைப் படித்த நாளில் எனக்கு வேறெதுவும் ஓடவில்லை. அவர்களைச் சங்கமாகத் திரட்டிய ஆர். எச். நாதன் தமிழ் நேசன் பத்திரிகையில் துணையாசிரியராக இருந்தவர். அவரைக் கைது செய்து நாடு கடத்தினார்கள். துருப்புகள் சுட்டதில் தொழிலாளர்கள் இறந்தார்கள்.

இதில் ஒரு சிக்கல் இருக்கிறது. பழைய மனுக்களைப் பார்த்தவுடன் தொழிலாளியே பேசுகிறார் என்று துள்ளிக் குதிக்காதீர்கள். பல மனுக்கள் காசுக்கு எழுதிக்கொடுக்கிறவர் கையால் வந்தவை. "தாழ்மையுடன் பாதம் பணிந்து" என்பது யாருடைய பணிவு, கேட்டவருடையதா எழுதியவருடையதா? என் மூன்றாம் அத்தியாயம் முழுக்க இந்தத் தகராறுதான். அத்தியாயங்களில் எனக்குப் பிடித்ததும் அதுதான்.

ஆட்களை நேரில் பேட்டி எடுக்க பல்கலைக்கழகத்தின் ஆய்வு நெறிக் குழு அனுமதி தர வேண்டும். தந்தார்கள், கூடவே கையெழுத்து வாங்க ஒரு ஒப்புதல் படிவமும் வந்தது. அதை எடுத்துக்கொண்டு ஒரு பாட்டியைப் பார்க்கப் போனேன். தோட்டம் வீடமைப்பாக மாறிய பிறகு அடுக்குமாடியில் மகன் வீட்டில் இருந்தார். காப்பி கொடுத்தார், என் அம்மா எந்தத் தோட்டம் என்று விசாரித்தார். படிவத்தை நீட்டினேன், முகம் மாறிவிட்டது. "தோட்டத்த வித்தப்போ இப்படித்தான் ஒரு தாள்ல கைநாட்டு வாங்கினாங்க கண்ணு. வீட்டக் காலி பண்ற தாளுன்னு அப்புறந்தான் தெரிஞ்சுது. பேசச் சொல்லு, நாள் பூரா பேசறேன். தாள எடுத்து உள்ள வையி." குழுவிடம் திரும்பிப் போய், சம்மதத்தை வாய்மொழியாகப் பதிவு செய்துகொள்ளலாம் என்று மாற்றி வாங்கினேன். அதற்குப் பிறகு பாட்டி சொன்னது: "எங்கப்பா சைக்கிள வித்துட்டு நடந்தே போவாரு. எறங்கி நிக்கறதுக்கு நடக்கறது மேலும்பாரு."

வைவா என்கிற வாய்மொழித் தேர்வில் வெளித்தேர்வாளர் இதைத்தான் பிடித்தார். எழுபது வருஷத்துக்குப் பிறகு ஒரு மகள் சொல்வதை 1941 கோப்புக்குப் பக்கத்தில் எப்படி வைக்கிறீர்கள் என்றார். வேலைநிறுத்தத்தில் நடந்ததற்கு அது சான்று இல்லை, அந்த வேலைநிறுத்தம் வீட்டில் எப்படி நினைக்கப்பட்டது என்பதற்குச் சான்று என்றேன். தலையாட்டினார், ஆனாலும் அந்தப் பகுதியைத் திருத்தி எழுதச் சொன்னார். சரி, நியாயம்தான்.

நடுவில் மேற்பார்வையாளர் ஓய்வு பெற்றுவிட்டார். அடுத்து வந்தவர் என் துறைக்காரர் இல்லை. நீங்கள் பதிவு செய்யும் முன் அவருக்கு எத்தனை வருஷம் சர்வீஸ் பாக்கி என்று பக்குவமாக விசாரித்துவிடுங்கள்.

ஜெலுத்தோங்கிலிருந்து:

அண்ணன் சொல்வது சரி, ஆனால் கோப்பு எப்போதும் காப்பகத்தில்தான் இருக்கும் என்று இல்லை. நான் பினாங்கில் முழுநேரமாகச் செய்தேன், மைபிரெயின்15 என்ற அரசாங்க உதவித்தொகை இருந்த காலம், அதனால் கட்டணக் கவலை இல்லை. என் ஆய்வு 1930களில் ரப்பர் விலை விழுந்தபோது செட்டியார்கள் கொடுத்திருந்த கடன் என்ன ஆனது என்பது.

பினாங்கு ஸ்ட்ரீட் கிட்டங்கிகளில் (செட்டியார்கள் வட்டித்தொழில் நடத்திய இடங்கள்) ஒன்றோடு தொடர்புள்ள குடும்பம் பழைய பேரேடுகளைப் பார்க்க விட்டது. திறந்தால் தமிழ் எண்கள். வட்டிக் கணக்கில் மாகாணி, முந்திரி என்று பின்னக் குறிகள். 16இல் ஒன்று, 320இல் ஒன்று என்று இப்போது சொல்லிவிடுவேன், அன்று கோலம் போட்ட மாதிரி இருந்தது. தேதி பிரமோதூத வருஷம் ஆவணி என்று இருக்கும், அதை 1930க்குக் கொண்டுவர வேண்டும். என் மேற்பார்வையாளர் நல்ல அறிஞர், தமிழ் தெரியாது. கடைசியில் கைகொடுத்தது ஓய்வு பெற்ற ஒரு கணக்கப்பிள்ளை ஐயா. தினம் மதியத் தூக்கத்துக்குப் பிறகுதான் பாடம் நடத்துவார், அதற்கு முன் போனால் திட்டு.

மலாய்க்காரர் நிலம் கடனுக்குப் போய்விடக் கூடாது என்று 1933இல் கூட்டு மலாய் மாநிலங்களில் ஒதுக்கீட்டு நிலச் சட்டத்தை இறுக்கினார்கள். அந்தக் காலத்து ஆங்கிலக் கோப்பைப் படித்தால் செட்டியார் நிலத்தை விழுங்குகிறவர். நான் பார்த்த பேரேட்டிலோ வராக்கடன் வரிசை வரிசையாக நிற்கிறது. இரண்டையும் பக்கத்தில் வைத்தால்தான் ஆய்வு. செட்டியார்களுக்கு வக்கீலாகப் போய்விடாதே என்று தோழிகள் கேலி செய்தார்கள். அந்த ஆபத்து உண்மையிலேயே உண்டு, வீட்டுக்காரர்கள் காப்பியும் பலகாரமும் கொடுத்தால் பேனா கொஞ்சம் சாயத்தான் செய்யும்.

ரவாங்கிலிருந்து:

அண்ணே, அக்கா, ரொம்ப நன்றி. அப்பாவின் டிரங்குப் பெட்டியில் எங்கள் தோட்டத்துச் செக்ரோல் புத்தகங்கள் (ஆட்களின் வருகை, கூலிக் கணக்கு) கொஞ்சம் இருக்கின்றன. ஆபீஸை மூடினபோது கிராணி (ஆபீஸ் எழுத்தர்) தூக்கிப் போட்டதை அப்பா எடுத்து வைத்தாராம். 1960களுடையது. இதெல்லாம் கணக்கில் வருமா?

கிள்ளானிலிருந்து:

வருமாவா! யார் பெரட்டுக்கு (காலையில் ஆள் கணக்கெடுப்புக்கு) வந்தார்கள், யாருக்கு அரைநாள் பேர், யாருக்கு எவ்வளவு பிடித்தம் என்று நாள்வாரியாக இருக்கும். அது தோட்டங்களைத் துண்டு போட்டு விற்ற காலமும்கூட, எந்த மாதத்தில் எந்தப் பெயர்கள் காணாமல் போகின்றன என்று பாருங்கள், அதிலேயே ஒரு தலைப்பு இருக்கலாம். ஆய்வேட்டில் போடும்போது வாழ்ந்தவர்களின் பெயர்களை மறைக்க வேண்டி வரும், மேற்பார்வையாளரிடம் கேளுங்கள். அதற்கு முன் அப்பாவை உட்கார வைத்து எந்த வருஷம், யாரிடமிருந்து, எந்த ஆபீஸ் என்று கேட்டுத் தேதி போட்டு எழுதிக்கொள்ளுங்கள். பக்கம் பக்கமாகப் படம் எடுங்கள், அட்டையையும் சேர்த்து. வெயிலில் காயவைக்க வேண்டாம், கிழிந்த இடத்தில் டேப் ஒட்ட வேண்டாம். லேமினேட் மட்டும் செய்துவிடாதீர்கள்.