'டிஸ்பாட்ச் டுமாரோ ட்வென்டி மேட்': இதில் என்ன தப்பு?

பத்தமடைக்காரி:
எல்லாருக்கும் வணக்கம். உம்மா கோரைப்பாய் நெய்கிறார். ஆர்டர் பிடிப்பதும் மெயில் எழுதுவதும் என் தலையில். தென்னகத்து ஆக்ஸ்போர்டு என்று பெயர் வாங்கிய பாளையங்கோட்டையில்தான் பி.காம். முடித்தேன், இப்போது அதைச் சொல்லவே கூச்சமாக இருக்கிறது.

போன வாரம் பெங்களூரு கடைக்காரர் ஒருவருக்கு 'டிஸ்பாட்ச் டுமாரோ ட்வென்டி மேட்' என்று எழுதினேன். நாளைக்கு இருபது பாய் அனுப்புகிறோம் என்று அர்த்தம். அரை மணி நேரத்தில் பதில் வருகிறது: பாய் நெய்வது நீங்கள், நான் எதற்கு உங்களுக்குப் பாய் அனுப்ப வேண்டும்? போனில் பேசிச் சமாளித்துவிட்டேன். ஆனாலும் பிடிபடவில்லை. எல்லா வார்த்தையும் சரிதானே? பன்னிரண்டு டென்ஸையும் மனப்பாடம் செய்தவள்தான். மறுபடி அங்கிருந்தே தொடங்க வேண்டுமா?

ரிட்டயர்டு வாத்தியார்:
டென்ஸை இப்போதைக்குப் பரண்மேல் போடும்மா. உன் பிரச்சினை 'ஓம்'.

தமிழில் 'அனுப்புகிறோம்' என்றாலே போதும். கடைசியில் ஒட்டியிருக்கிற 'ஓம்', அனுப்புவது யார் என்று சொல்லிவிடும், 'நாங்கள்' தேவையில்லை. ஆங்கில வினையில் அந்த ஒட்டு கிடையாது. 'டிஸ்பாட்ச்' என்று மொட்டையாக ஆரம்பித்தால் அது கட்டளை, 'அனுப்பு' என்று. கடைக்காரர் மேல் தப்பே இல்லை. முதலில் ஆள், அப்புறம் வினை, அப்புறம் பொருள், கடைசியில் எப்போது என்பது: 'வீ வில் டிஸ்பாட்ச் ட்வென்டி மேட்ஸ் டுமாரோ.' மழை பெய்தால்கூட அவர்களுக்கு ஓர் ஆள் வேண்டும், 'இட் இஸ் ரெய்னிங்'. அந்த 'இட்' யார் என்று கேட்காதே. காலி நாற்காலியில் உட்கார வைத்த பொம்மை.

'மேட்ஸ்' என்று முடித்திருக்கிறேன், பார்த்தாயா? நாம் இருபது பாய் என்போம். 'இருபது பாய்கள் கொடுங்கள்' என்று கடையில் கேட்டால் சிரிப்பார்கள். ஆங்கிலத்தில் ஒன்றைத் தாண்டினால் 'ஸ்' போட்டாக வேண்டும். வினையில் கதை தலைகீழ்: ஒருத்தர் செய்தால்தான் 'ஸ்'. 'மை மதர் வீவ்ஸ் மேட்ஸ்', ஆனால் 'வீ வீவ் மேட்ஸ்'. முப்பது வருஷம் பரீட்சைத் தாள் திருத்தியதில் நான் அதிகம் சுழித்தது இந்த 'ஸ்'ஸைத்தான்.

'இது கல்யாணப் பாய்' என்பதில் வினையே இல்லை, தமிழ் அப்படியே நிற்கும். ஆங்கிலம் நிற்காது. 'திஸ் இஸ் எ வெட்டிங் மேட்' என்று ஓர் 'இஸ்' முட்டுக் கொடுக்க வேண்டும்.

நம்ம இடையன்குடியில் 1841 முதல் இருந்த கால்டுவெல், தமிழைத் தெலுங்கு, கன்னடம், மலையாளத்தோடெல்லாம் ஒப்பிட்டு 1856இல் இலக்கணம் வெளியிட்டார். அதே மாதிரி நீ எழுதுகிற ஆங்கில வரிக்குப் பக்கத்தில் தமிழ் வரியை வைத்துப் பார், பாதித் தப்பு தானாகத் தெரியும். வகுப்பில் இப்படி நடத்த நேரம் கிடைத்ததில்லை, போர்ஷனை முடி என்பார்கள். அது வேறு கதை.

அம்பைத் தம்பி:
அக்கா, நம்ம ஆட்கள் எல்லாரும் விழுகிற இன்னொரு குழி: 'வீ ஹேவ் டிஸ்பாட்ச்டு தி மேட்ஸ் யெஸ்டர்டே'. தமிழில் 'நேற்றே அனுப்பியிருக்கிறோம்' சரி. ஆங்கிலத்தில் யெஸ்டர்டே, லாஸ்ட் வீக் என்று முடிந்துபோன நேரத்தைச் சொல்லிவிட்டால் 'ஹேவ்' சேராது. 'வீ டிஸ்பாட்ச்டு தி மேட்ஸ் யெஸ்டர்டே.' நேரம் சொல்லாவிட்டால் 'ஹேவ்' தாராளமாகப் போடலாம். 'டிட் நாட்' வந்தால் பின்னால் வெறும் 'டிஸ்பாட்ச்'தான். இறந்தகாலத்தை 'டிட்' ஏற்கெனவே சுமந்துகொண்டது. பணம் கேட்கும்போது 'வென் யூ வில் பே?' வேண்டாம், 'வென் வில் யூ பே?' என்று கேளுங்கள். தருகிறார்களா என்பதற்கு இலக்கணம் பொறுப்பில்லை.

தாமிரபரணிக்கரை:
வாத்தியார் அண்ணாச்சி, எ, அன், தி எல்லாவற்றையும் நைசாக விட்டுவிட்டீர்களே?

ரிட்டயர்டு வாத்தியார்:
பயந்துதான் விட்டேன். எழுத்தைப் பார்க்காதே, ஒலியைக் கேள்: 'அன் ஆர்டர்', 'அன் அவர்' (ஒரு மணி நேரம்), ஆனால் 'எ யூனிட்'. முதல் தடவை 'எ மேட்', அதே பாயை மறுபடி சொன்னால் 'தி மேட்'. ஒரு பாய், அந்தப் பாய் மாதிரி. அதற்கு மேல் போனால் எனக்கே வழுக்கும்.

பத்தமடைக்காரி:
ரொம்ப நன்றி சார், நன்றி தம்பி. 'ஓம்' விஷயத்தை உம்மாவிடம் சொன்னேன், 'இதைச் சொல்லித் தரவா அத்தனை பீஸ் கட்டினேன்' என்கிறார். பொண்ணு, மாப்பிள்ளை பெயர் நெய்த பாய் ஆறு நேற்று போயிருக்கிறது. இந்த மெயில் சரியா?

'வீ டிஸ்பாட்ச்டு சிக்ஸ் வெட்டிங் மேட்ஸ் யெஸ்டர்டே. ஈச் மேட் ஹேவ் டூ நேம்ஸ். வென் வில் யூ பே?'

ரிட்டயர்டு வாத்தியார்:
முதல் வரி முத்து. 'ஈச்' வந்தால் ஆறு பாய் என்ன, அறுநூறு பாய் இருந்தாலும் ஒருமைதான்: 'ஈச் மேட் ஹேஸ் டூ நேம்ஸ்.' கடைசி வரி இலக்கணப்படி சரி, ஆனால் கந்துவட்டிக்காரர் கதவைத் தட்டுகிற மாதிரி இருக்கிறது. 'குட் யூ ப்ளீஸ் டெல் அஸ் வென் யூ வில் பே?' என்று போடு. ஆமாம், இங்கே 'வென் யூ வில்'தான் சரி, கேள்வியை 'குட் யூ' எடுத்துக்கொண்டுவிட்டது. அம்பைத் தம்பி கோபித்துக்கொள்ள வேண்டாம்.