தாங்ஸ்கிவிங் விருந்துக்கு அப்பிள் கொக்டெயில்

கேள்வி: கனடா, ஒன்ராறியோவில எங்களுக்கு இது முதல் இலையுதிர்காலம். ஒக்டோபர்ல வாற நன்றி நாள் தாங்ஸ்கிவிங்குக்கு வேலையிடத்து ஆக்கள் ஆறு பேரைச் சாப்பிடக் கூப்பிட்டிருக்கிறம். இந்த நேரத்துப் பழத்தில ஒரு கொக்டெயில் செய்து குடுக்க விருப்பம். ரெண்டு பேர் குடிக்க மாட்டினம். எப்பிடிச் செய்யிறது?

பதில்: தம்பி, நல்ல யோசனை. மதுவைக் கடைசியில் யோசியுங்கள். முதலில் மது இல்லாமலேயே ருசியான பானம் ஒன்றைச் செய்யுங்கள். பிறகு வேண்டியவர்களின் கிளாஸில் மட்டும் அளந்து ஊற்றலாம். குடிக்காத இருவருக்கும் அதே கிளாஸ், அதே பானம். அவர்கள் கையில் கோக் ரின்னைக் கொடுத்து ஒதுக்கி வைக்க வேண்டாம்.

பண்ணைகளில் இப்போது புதிதாகப் பிழிந்த சைடர் கிடைக்கும். மண்ணிறமாக, கலங்கலாக இருக்கும். அது மது இல்லாத அப்பிள் சாறு. பியர் தட்டில் இருக்கும் சைடரில் மது உண்டு, லேபிளில் சதவீதத்தைப் பார்த்து எடுங்கள். பாஸ்சரைஸ் செய்யாத, அதாவது சூடாக்கிக் கிருமி நீக்காத சைடரைக் கர்ப்பிணிகள், சின்னப் பிள்ளைகள், வயதானவர்களுக்குக் கொடுப்பதென்றால் கொதிக்க வைத்து ஆற்றிக் கொடுங்கள்.

ஸ்காபரோ பக்கம் இருந்தால் பௌமன்வில் அப்பிள் தோட்டங்கள் கிட்ட. பிள்ளைகளோடு போய் நீங்களே பறிக்கலாம். பழத்தைக் கீழே இழுக்காதீர்கள். உள்ளங்கையில் ஏந்தி, மேலே தூக்கிச் சற்றுத் திருகினால் காம்போடு கழன்று வரும். சிவப்பை மட்டும் நம்பவும் வேண்டாம். சிவப்புக்கு அடியில் இருக்கும் பச்சை மஞ்சளாக மாறியிருந்தால்தான் பழுத்தது. கிளாஸில் வைக்க கோர்ட்லண்ட் அப்பிள் வாங்குங்கள். அது வெட்டி வைத்தாலும் சட்டென்று கறுக்காது.

அடுத்தது கிரான்பெரிப் பாகு. இதுவும் இந்தப் பருவத்துப் பழந்தான், மஸ்கோகா பக்கம் பாலாவில் விளைகிறது. ஒரு கப் பழம், ஒரு கப் சீனி, ஒரு கப் தண்ணீர், தட்டிய இஞ்சி ஒரு துண்டு, ஒரு கறுவாப்பட்டை. மெல்லிய நெருப்பில் வையுங்கள். சிறிது நேரத்தில் பழங்கள் டப் டப்பென்று வெடிக்கத் தொடங்கும். எல்லாம் வெடித்து, தண்ணீர் நல்ல சிவப்பானதும் இறக்கி வடியுங்கள். பிழிய வேண்டாம், பிழிந்தால் கலங்கும். கறுவா மட்டும் தமிழ்க்கடையில் இலங்கைக் கறுவாவாகப் பார்த்து வாங்குங்கள். சூப்பர்மார்க்கெட்டில் இருப்பது பெரும்பாலும் கசியா, தடித்த பட்டை. எங்கள் கறுவா சுருட்டு மாதிரி மெல்லிய அடுக்கடுக்காக இருக்கும், வாசமும் மென்மை.

ஆறு பேருக்கு: சைடர் 720 மி.லி., ஆறிய பாகு 120 மி.லி., தேசிக்காய்ச் சாறு 90 மி.லி. தேசிக்காயை விட்டுவிடாதீர்கள், புளிப்பு இல்லாவிட்டால் வெறும் இனிப்புத் தண்ணீர். ஜக்கில் கலந்து குளிர வையுங்கள். பரிமாறும்போது கிளாஸ் நிறைய ஐஸ், மேலே ஒரு அப்பிள் துண்டு. குடிப்பவர்களுக்குக் கனேடிய ரை விஸ்கி அல்லது கறுப்பு ரம் 43 மி.லி. அதுதான் இங்கே ஒரு பங்கு என்ற கணக்கு. கண்மட்டத்தில் ஊற்றாமல் அளவுக் கிண்ணத்தால் ஊற்றுங்கள். இந்தப் பானத்தில் இனிப்பும் புளிப்பும் மதுவின் காரத்தை மறைத்துவிடும், எவ்வளவு குடித்தோம் என்று தெரியாது. 2024 இலிருந்து மூலைக்கடைகளில் பியரும் வைனும் விற்கிறார்கள், ஆனால் விஸ்கிக்கு மாகாண அரசின் மதுக்கடையான எல்சிபிஓ-தான். 19 வயது ஆகியிருக்க வேண்டும். தாங்ஸ்கிவிங் திங்களில் கடை பூட்டியிருக்கக்கூடும், சனிக்கிழமையே வாங்கி வையுங்கள்.

கேள்வி: நன்றி அண்ணை. என்னட்ட ஜி2 லைசென்ஸ். ஒரு கிளாஸ் குடிச்சிட்டு ஆக்களைக் கொண்டுபோய் விடலாமோ?

பதில்: வேண்டவே வேண்டாம். ஜி1, ஜி2 என்பவை முழு லைசென்ஸுக்கு முந்தைய பழகுநர் லைசென்ஸ்கள். அவற்றை வைத்திருப்பவர்கள் ஓடும்போது உடம்பில் இருக்கக்கூடிய மது அளவு இங்கே பூச்சியம். ஒரு கிளாஸும் கூடாது. அன்றைக்கு நீங்கள்தான் ஓடுவதென்றால் உங்களுக்கும் மது இல்லாத கிளாஸ். விருந்தாளிகள் காரில் வந்தால், யார் ஓடுவது என்று குடிக்க முதலே கேட்டுவிடுங்கள். திறந்த மதுப் போத்தலைக் காரில் கொண்டுபோவதென்றால் நன்றாக மூடி ட்ரங்குக்குள் வையுங்கள், இருக்கைப் பக்கம் கூடாது.

வடித்த கிரான்பெரிச் சக்கையை வீசாதீர்கள். கறுவாவை எடுத்துவிட்டு, கடுகும் செத்தல் மிளகாயும் தாளித்துக் கொட்டிப் பிரட்டினால் வான்கோழி இறைச்சிக்கு அருமையான தொடுகறி.